நாம் கேட்டுவிட்டு வந்த படங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து முன்னறையில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் வந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே திரையைப் பார்த்தவன், "மறுபடியுமா மாமா? தெரிஞ்ச கதைதானே, வசனம்கூட உங்களுக்கு மனப்பாடமாச்சே" என்றான். கேலி செய்யவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். சினிமா நிறையப் பார்ப்பவன். ஈரானியப் படம், கொரியப் படம் என்று என்னோடு மணிக்கணக்கில் பேசுகிறவன். அவன் ஒருவன் மட்டும் சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். விமர்சனம் எழுதுகிறவர்கள், யூடியூபில் பேசுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் வரை இப்போது இதையேதான் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவர்கள் தங்கள் இளமையைத் தேடுகிறார்களாம். அந்தப் படங்களில் பார்க்க ஒன்றும் இல்லையாம். நாடக மேடைக்கு எதிரே கேமராவை நட்டுவைத்து எடுத்தவையாம். காதால் கேட்டாலே போதுமாம். அப்படியே பார்ப்பதென்றாலும் அது தியேட்டரில் பார்க்க வேண்டியது, வீட்டு டி.வி.யில் பார்ப்பதெல்லாம் ஒரு பார்வையா என்கிறார்கள்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நினைவில் இருப்பதை நினைவில் இருக்கிறபடியே பொத்திவைத்துக்கொள்ள ஆசைப்படுவதுதான் ஏக்கம். அந்த ஆசை உள்ளவன் செய்யக்கூடாத ஒரே காரியம், படத்தைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு முறையும் தோற்பது நினைவுதான். இந்தக் காட்சி இரவில் நடந்தது என்று நாற்பது வருடமாக நம்பியிருப்போம், பட்டப்பகலில் நடக்கும். கதாநாயகன் சொன்னான் என்று நாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தை அவன் தம்பி சொல்லிக்கொண்டிருப்பான். மனத்தில் வைத்திருந்த படம் ஒன்று, திரையில் ஓடுவது இன்னொன்று. இந்த அடியை வாரம்தோறும் வாங்கிக்கொள்கிறவனைப் பார்த்து ஏக்கத்தில் கரைகிறான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது, தெரிந்த கதை. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கிறது. பிரகலாதன் கதைதான். தூணிலிருந்து யார் வருவார் என்று தெரியாதவர் அந்தத் தெருவில் ஒருவரும் கிடையாது. வடக்கே தெருக்கூத்தில் கர்ண மோட்சம் ஆடும்போது கர்ணன் பிழைப்பானா என்ற சந்தேகத்தோடு யாரும் விடிய விடிய உட்கார்ந்திருப்பதில்லை. கதை தெரிந்த பிறகுதான் நம் மக்கள் பார்க்கவே ஆரம்பிக்கிறார்கள். இன்றைய இரணியன் எப்படி நடந்து வருகிறான், இன்றைய கர்ணனுக்குக் குரல் எங்கே தழுதழுக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது நமக்கு மிகச் சமீபத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பயம்.

'கூத்து இரவுக்கு இரவு மாறும், படம் மாறாதே' என்று அக்கா மகன் கேட்டான். சரியான கேள்வி. அதற்குப் பதிலாக அவனுக்கு 'அந்த நாள்' படத்தைப் போட்டுக் காட்டினேன், ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை. 1954இல் வந்த ஏவி.எம். படம். இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்வான். அவர் எடுத்த இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. தொடங்கியவுடனே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சுருண்டு விழுந்து சாகிறார். 1943இல் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட நாளையொட்டி நடக்கும் கதை. அவரைச் சுட்டது யார் என்று விசாரணை. ஆளுக்கொரு விதமாய்ச் சொல்கிறார்கள். படம் வந்து எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால் ரகசியத்தைச் சொல்வதில் தவறில்லை: எதிரிக்கு உளவு சொன்ன கணவனைச் சுட்டது அவன் மனைவி உஷா. பண்டரிபாய் நடித்தது.

முதல் முறை பார்க்கும்போது கண் உளவாளியின் பின்னாலும் சந்தேகத்துக்கு உள்ளானவர்களின் பின்னாலும் அலைகிறது. துக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மனைவியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை, சுட்டவள் அவள்தான் என்று தெரிந்து பார்க்கிறோம். விசாரணை நடக்கும் அறையில் பண்டரிபாயின் முகத்தை விட்டுக் கண் நகர மறுக்கிறது. அது விதவையின் முகமாகவும் இருக்கிறது, கொன்றவளின் முகமாகவும் இருக்கிறது. அழுகையில் பொய் இல்லை, கணவனுக்காகத்தான் அழுகிறாள். இந்த நடிப்பை முதல் முறை பார்ப்பவனால் பார்க்கவே முடியாது. கதை தெரிந்தவனுக்காகவே நடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த அம்மா. படம் முடிந்தபோது அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி என் முக்கியமான வழக்குக்கு வருகிறேன். பழைய தமிழ்ப் படம் வெறும் வசனம், பார்க்க ஒன்றுமில்லை என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது? அந்தப் படங்களை நாம் பார்க்காததிலிருந்து வந்தது. நாம் அவற்றைக் கேட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். படத்தின் ஒலியைச் சுருக்கி ஒரு மணி நேரமாக்கிப் போடுவார்கள், வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைத்தபடி கேட்பார்கள். இலங்கை வானொலியில் பாட்டு. கல்யாண வீட்டிலும் அம்மன் கோயில் கொடையிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' கதை வசனம். தருமியும் சிவபெருமானும் கேள்வி பதில் பேசும் இடத்தை எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பையன்கூட ஒப்பிப்பான். படத்தைப் பார்த்தவர்கள் அவர்களில் பத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

1965இல் எடுத்த அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் இருப்பவனுக்குத்தான் அது முடியும். வசனம் நமக்குள் தானாக ஓடுவதால் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. பதில் சொல்லும் சிவாஜி அதிகம் அசைவதில்லை. கேள்வி கேட்கும் நாகேஷ் ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்த ஒல்லி உடம்பு குனிகிறது, வளைகிறது, சுற்றி வருகிறது, ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே ஆளையே மாற்றிக்கொள்கிறது. பசித்தவனின் உடம்பு அது. வசனத்தில் இருப்பது நகைச்சுவை. உடம்பில் இருப்பது வறுமை. ஒலிபெருக்கியில் நாம் கேட்டு வளர்ந்தது பாதிக் காட்சி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைச் சினிமாவையே நாடகம் என்று ஒதுக்கிவிட்டோம்.

பிறகு டி.வி. வந்தது, அப்போதாவது பார்த்தோமே என்பார்கள். எண்பதுகளில் எதிர் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் தரையில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தோம். 'தில்லானா மோகனாம்பாள்' வண்ணப் படம் என்பதே எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். இன்னொன்று உண்டு, அதிகம் பேர் கவனிக்காதது. சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. நம் நாட்டு டி.வி. முறை நொடிக்கு 25. எனவே டி.வி.யில் போடும்போது ஓட்டத்தை அந்த 25க்கு ஏற்றிவிடுவார்கள். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். அதோடு சுருதியும் ஏறும், அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. யாருக்கும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நாயனம் கேட்டுப் பழகிய காதுக்குத் தெரியும். கனமாகக் கேட்க வேண்டிய வாத்தியம் திமிரி பக்கம் சாய்ந்து கேட்கும், குரல்கள் மெலியும். இத்தனை வருடம் டி.வி.யில் தில்லானா போட்டபோதெல்லாம் நாம் கேட்ட மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் அவர்கள் வாசித்த சுருதியில் இருந்ததில்லை.

அகலத் திரை வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. அந்தக் காலப் படம் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கமான வடிவம், நாலுக்கு மூன்று. இன்றைய டி.வி. பதினாறுக்கு ஒன்பது. பக்கங்களில் கறுப்பாக இடம் விட்டுப் போட்டால் படம் முழுசாக இருக்கும். சேனல்களில் பல அப்படிச் செய்வதில்லை. ஒன்று, இழுத்து விரிக்கிறார்கள். எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்று வீங்கிப் போகிறது. அல்லது மேலும் கீழும் நறுக்குகிறார்கள். படத்தில் கால்வாசி போய்விடுகிறது. பரதநாட்டியம் ஆடும் ஒருத்தியைப் பற்றிய படத்தில் கீழே நறுக்கினால் எது போகும்? பாதம் போகும். சலங்கை போகும். பத்மினி ஆடுகிறார், அவர் கால் எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க விடாமல் ஒரு சேனல் எனக்கு அந்தப் படத்தைக் காட்டியது. பிறகு அதைப் பார்த்துவிட்டு 'பழைய நடனக் காட்சி, கேமரா சும்மா நிற்கிறது' என்று எழுதுகிறார்கள். கேமரா நின்றது, தலையிலிருந்து கால் வரை ஆட்டத்தை முழுசாகக் காட்டத்தான். நறுக்கியவனின் குற்றத்தை எடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள். 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்த 'ராஜராஜ சோழன்' பழைய சதுர டி.வி.யில் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். திரையை நிரப்பிப் போட்டால் கிட்டத்தட்ட பாதி அகலம் காணாமல் போகும். பேசுகிறவர் இருப்பார், கேட்கிறவர் இருக்க மாட்டார்.

இப்போது வீட்டில் என்ன செய்ய முடியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் வீட்டுத் திரையை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ரிமோட்டைச் சரியாகப் பயன்படுத்தியதே இல்லை என்பது என் சந்தேகம். படத்தின் அளவை நாலுக்கு மூன்றில் வையுங்கள். 'ஸ்மூத் மோஷன்' என்றோ வேறு பெயரிலோ டி.வி. தானாகச் செய்யும் மெருகை நிறுத்துங்கள். அதுதான் பழைய படத்தையெல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று ஆக்குவது. விளக்கை அணையுங்கள். கைப்பேசியை உள்ளறையில் வையுங்கள். இவ்வளவுதான். அதன் பிறகு, தில்லானாவில் மோகனா நலம் விசாரிக்கும் பாடலைப் போடுங்கள்.

விஷக் கத்தி பாய்ந்து பிழைத்து வந்தவர் நாயனக்காரர் சண்முகசுந்தரம், சிவாஜி. மோகனா அவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது; அம்மா காவல், ஊர்க்கண். சபையில் எல்லார் முன்னாலும் ஆடித்தான் கேட்க வேண்டும், அவரும் நாயனத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். பாட்டு நம் எல்லாருக்கும் தெரியும், சுசீலாவின் குரலும் தெரியும். நான் இருபது முறையாவது 'பார்த்த' காட்சி. அன்றைக்குத்தான் தவில்காரரைப் பார்த்தேன். டி.எஸ். பாலையா. தவிலை வாசித்தபடியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய்ப் பார்க்கிறார். சபையில் ஆயிரம் பேர் ஆட்டம் பார்க்கிறார்கள்; அங்கே ஒருத்தி ஒருவனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தக் கிழவருக்குத் தெரிகிறது. கை தாளத்தை விடவில்லை, முகம் இளகிக்கொண்டே போகிறது. நிறுத்தினேன், பின்னால் போனேன், மறுபடி பார்த்தேன். மூன்று முறை. பிறகு சிவாஜிக்காக ஒரு முறை: மூச்சு இழுக்கும் இடத்தில் தோள் ஏறுவதும், கழுத்து நரம்பு புடைப்பதும். வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்கள். மூச்சை மட்டும் இவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். பிறகு பத்மினியின் பாதங்களுக்காக. ஒரே பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏ.பி. நாகராஜன் அந்தக் காட்சியில் எத்தனை பேரை எங்கெங்கே உட்கார வைத்து, யார் கண் யாரிடம் போக வேண்டும் என்று கோத்திருக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. இதை நாடகத்தைப் படம் பிடித்தது என்கிறவர்கள் இந்தப் பாட்டை ஒரு தரம் இப்படிப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.

'தியேட்டரில் பார்க்காததால் உங்களுக்கு இவ்வளவு பாடு' என்று ஒருவர் சொல்லலாம். நல்ல தியேட்டருக்கு நான் எதிரி கிடையாது. 1964ஆம் வருடத்துக் 'கர்ணன்' படத்தைச் சீர் செய்து 2012இல் மறுபடி வெளியிட்டபோது முதல் வாரமே போய்ப் பார்த்தேன். புதுப் படத்துக்கு இணையாக ஓடியது. அது நடந்தது நல்லது, இன்னும் நூறு படத்துக்கு நடக்கட்டும். ஆனால் எந்தப் படத்துக்கு நடக்கிறது? பெரிய நட்சத்திரங்கள் நடித்த, வசூல் நிச்சயமான நாலைந்துக்கு. 'அந்த நாள்' வெளியானபோதே சரியாக ஓடாத படம். அதை எந்த விநியோகஸ்தர் இன்று எடுப்பார்? சென்னை அண்ணா சாலையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் சபையர் இல்லை, சித்ரா இல்லை, கெயிட்டி இல்லை, சாந்தியும் போய்விட்டது. இந்தப் படங்களுக்கு மிச்சம் இருக்கும் ஒரே கொட்டகை நம் வீடு.

அந்தக் காலத் தியேட்டரை அவர்கள் பேசுகிற மாதிரி நான் புனிதப்படுத்தவும் மாட்டேன். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றுவதற்கு ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, சின்ன ஊர்களில் அறுந்து அறுந்து ஒட்டி, கடைசியாக எங்களிடம் வரும் பிரதி. மழை பெய்வது மாதிரி கோடுகள். இரண்டாம் ஆட்டம் நேரத்தோடு முடிய வேண்டுமென்று ஆபரேட்டர் ஒரு பாட்டைத் தூக்கிவிடுவார். ஒரு படத்தில் கதாநாயகியின் அப்பா எப்போது செத்தார் என்று பார்த்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்த மணல் தரையும் கடலை வாசமும் பிடிக்கும், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் படத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. ஏக்கத்தில் பேசுகிறவர்கள் யார் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். தியேட்டர்தான், தியேட்டர்தான் என்கிறவர்கள் பேசுவது ஓர் இடத்தைப் பற்றி. நான் படத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மெதுவாகப் போகிறது என்ற புகாரையும் விட்டுவிட முடியவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். கதை பிடிபட்டுவிடுகிறது, நேரமும் மிச்சம் என்கிறார்கள். 1979இல் மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' அப்படிப் பார்த்தேன் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான், சுமாராகத்தான் இருந்ததாம். அந்தப் படத்தில் பாதி விஷயம் யாரும் பேசாத இடங்களில் நடக்கிறது. அஸ்வினி பேசாமல் நிற்கிறார். எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதுதான் அவர் சொல்வது. அந்த நேரத்தைச் சுருக்கினால் அவர் வேறு எதையோ சொல்லிவிடுகிறார். கடைசியில் ஆற்றங்கரை. ஊரே கூடி ஒருவனைத் தண்ணீருக்கு அனுப்புகிறது, பிள்ளைகள் இரண்டும் கரையில். அசோக்குமாரின் கேமரா அவசரப்படவில்லை. இளையராஜாவின் இசையும் அவசரப்படவில்லை. அவசரம் முழுக்கப் பார்க்கிறவன் கையில் இருந்திருக்கிறது.

டி.வி. தொடர்களுக்கும் இதே கதிதான். சீரியல் என்றால் இன்றைக்கு ஆயிரம் எபிசோடு ஓடும் மாமியார் கதை மட்டுமே நினைவுக்கு வருவதால், பழைய தொடரைத் திரும்பப் பார்க்கிறேன் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆர்.கே. நாராயண் கதைகளை வைத்து சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' 1987 வாக்கில் தூர்தர்ஷனில் வந்தது. கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தது, எல். வைத்தியநாதன் இசை, தலைப்பில் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களிடம் கேளுங்கள், எல்லாரும் பார்த்தேன் என்பார்கள், அந்த ராகத்தை முணுமுணுத்தும் காட்டுவார்கள். என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். அது இந்தியில் வந்தது, எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. நாங்கள் ஒரு பையனையும் ஒரு ரயிலடியையும் பார்த்தோம், அவ்வளவுதான். மூன்று வருடம் முன்னால் எழுத்துரையோடு திரும்பப் பார்த்தபோதுதான் அந்தப் பையன் சுவாமியின் அப்பாவாக வரும் கிரீஷ் கர்னாட் வீட்டில் என்ன பேசுகிறார், பையன் ஏன் அவர் எதிரே அப்படி நிற்கிறான் என்பது எனக்கு விளங்கியது. முப்பத்தைந்து வருடம் கழித்து முதல் முறையாக. இதைத் திரும்பப் பார்ப்பது என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

எல்லாப் பழைய படமும் தேறும் என்று சொல்ல வரவில்லை. என் மகளோடு 'பட்டிக்காடா பட்டணமா' பார்த்தேன். 1972இல் பிரமாதமாக ஓடிய படம், தேசிய விருதும் வாங்கியது. சிறு வயதில் கைதட்டிப் பார்த்தவன் நான். பட்டணத்து மனைவியின் திமிரைக் கணவன் அடக்கும் கதை. அரைமணி நேரத்தில் மகள், "அந்தம்மா என்னப்பா தப்பு பண்ணாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படத்தை நிறுத்தவில்லை, கடைசி வரை பார்த்தோம். நான் அன்று எதற்குக் கைதட்டினேன், கொட்டகையே ஏன் என்னோடு கைதட்டியது என்று அவளிடம் பேச வேண்டியிருந்தது. ஏக்கம் இந்தக் கேள்வியைக் கேட்க விடாது. இப்படிப்பட்ட படங்களைத் திரும்பப் பார்க்கவே கூடாது, பெட்டிக்குள் வைத்துவிடுங்கள் என்கிறவர்களும் கேட்க விடமாட்டார்கள். வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் கேட்டாள்.

கடைசியாக ஒரு படம். பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. நான் அதை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்தேன். பாட்டு கிடையாது; பின்னணிக்கு இளையராஜாவின் இசைத்தட்டிலிருந்து எடுத்த இசை. வாடகை வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு வேலை பார்க்கும் பெண், சொந்தமாக ஒரு வீடு கட்டப் புறப்படுகிறாள். அர்ச்சனா. அந்த வயதில் அவள் பக்கத்தில் நின்றுதான் படத்தைப் பார்த்தேன். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் ஒரு நல்ல கிழவர் என்பதோடு சரி. பிறகு நானும் என் மனைவியும் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினோம். கட்டித்தந்தவர் கணக்கில் எழுதிய சிமெண்ட் மூட்டைக்கும் வாசலில் வந்து இறங்கிய மூட்டைக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை போட்டு, வேறு ஆளைத் தேடி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரை இல்லாமல் நின்றது. அந்த வீட்டில்தான் 'வீடு' படத்தை மறுபடி போட்டோம். சிமெண்டைத் திருடும் கான்ட்ராக்டரையும், அதைப் பயப்படாமல் போட்டு உடைக்கும் சித்தாள் மங்கம்மாவையும் பார்த்தபோது என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். முதல் தடவை அந்தக் காட்சி எங்களுக்குத் தகவலாக இருந்தது.

தாத்தா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கிறார். பூசாத சுவர். ஒவ்வோர் அறையாகப் போகிறார், செங்கல்லைத் தொடுகிறார், ஒரு குழந்தை மாதிரி மலர்கிறார். திரும்பி வரும் வழியில் விழுந்து இறந்துபோகிறார். இருபத்துமூன்று வயதில் பார்த்தபோது சாவுதான் நினைவில் தங்கியது. இப்போது தங்கியது அந்தத் தொடுதல். தன் காலத்தில் குடியேறப் போவதில்லை என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று நானும் மனைவியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தெரியும் என்கிறாள் அவள்.

இந்தப் பேச்சு நடக்க ஒரு பிரதி வேண்டும். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. தமிழின் முதல் பேசும் படமாகக் கொண்டாடும் 1931ஆம் வருடத்துக் 'காளிதாஸ்' இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி இல்லை. பார்க்க ஒன்றுமில்லை, ஓடி முடிந்தது முடிந்ததுதான் என்று அன்றைக்கும் யாரோ சொல்லித்தான் அந்தச் சுருள்கள் ஈரக் கிடங்குகளில் கிடந்து பொடிந்தன. பாலு மகேந்திரா தன் சொந்தப் படங்களின் நெகடிவ்களே இல்லாமல் போனதைப் பற்றிக் கடைசிக் காலத்தில் வேதனையோடு பேசினார். தமிழ்ப் படங்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து 2014இல் போய்ச் சேர்ந்தார். பூனாவில் 1964இல் தொடங்கிய தேசியக் காப்பகம் இருக்கிறது. இத்தனை ஆயிரம் படம் எடுத்த ஊருக்குச் சொந்தமாக ஒன்று வேண்டாமா? யாரும் பார்க்காத படத்துக்காக எந்த அரசும், எந்த நிறுவனமும் பணம் செலவழிக்காது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் பார்ப்பதால்தான், கேட்பதால்தான், இருக்கிற பிரதியாவது வெளியே வருகிறது. அவர்களைப் பார்த்துத்தான் ஏக்கக்காரர்கள் என்கிறார்கள்.

நாங்கள் பார்த்த 'வீடு' நல்ல பிரதி கிடையாது. நிறம் வெளிறியிருந்தது. ஓரத்தில் ஏதோ ஒரு முத்திரை நகராமல் நின்றது. இருட்டான காட்சிகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பூசாத சுவரில் பகல் வெளிச்சம் விழுகிறது, அங்கே கிழவரின் கை போகிறது. விரல்கள் செங்கல்லின் இடுக்கைத் தடவிக்கொண்டு போவது தெரிகிறது.